ஸ்போர்ட்ஸ் காரில் ஆடியோ மாற்றிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கம்பெனி செட்டைக் கழற்றிப் புது ஸ்பீக்கர், ஆம்ப் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி), சப்வூஃபர் (பேஸ் என்கிற அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) எல்லாம் போட்டாயிற்று. வரவேண்டிய சத்தம் வரவில்லை, இல்லையென்றால் வரக்கூடாத சத்தம் வருகிறது. என் கைக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வரும். வாங்கிய பெட்டியே கோளாறு என்ற சந்தேகத்தோடு வருவார்கள். நான் பார்த்தவரை பெட்டி கெட்டிருப்பது அபூர்வம். வயரிலோ, எர்த்திலோ (ஆம்பின் நெகட்டிவை வண்டி உடலோடு சேர்க்கும் இணைப்பு), மாட்டிய விதத்திலோதான் வினை இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பர்ஸைத் தொடுகிற காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

## கை வைக்கும் முன்

மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, உதிரியாக ஒரு ஆர்.சி.ஏ. வயர் (செட்டிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோவது), ஹெட்போன் ஜாக் உள்ள பழைய போன், அந்த ஜாக்கை ஆம்பின் ஆர்.சி.ஏ. முனையோடு இணைக்கும் வயர். இவ்வளவு போதும்.

வயரிங் வேலை என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் கதவுக்கு ஃப்ரேம் இல்லாத வண்டியில் முதலில் கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். கதவைத் திறக்கும்போது அந்தக் கண்ணாடி ஒரு விரற்கடை தானாக இறங்கும். கரண்ட் இல்லையென்றால் இறங்காது, மேல் ரப்பரில் சிக்கி இழுக்கும். பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கிப் பூட்டும் கரண்டில்தான் திறக்கும் என்றால், டிக்கியை மூடாமல் வையுங்கள். மூடிவிட்டு முழித்தவன் நானே.

மஞ்சள் கனெக்டர் எங்கே கண்ணில் பட்டாலும் அது ஏர்பேக் வயர் என்று வைத்துக்கொண்டு கையை எடுத்துவிடுங்கள். ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு வயரும் அப்படித்தான்.

## அறிகுறி 1: சத்தமே வரவில்லை

### ஆம்பில் விளக்கே எரியவில்லை

ஆம்பின் பவர் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே மீட்டரை வையுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லையென்றால் பேட்டரி அருகே இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், இரண்டு பக்கமும் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்து, அதைத் தாங்கும் ஹோல்டரில் திருகு தளர்ந்திருப்பது சகஜம்.

12 வோல்ட் இருக்கிறது, விளக்கு மட்டும் இல்லை என்றால், ஆம்பை ஆன் ஆகச் சொல்லும் ரிமோட் வயரைப் பாருங்கள். செட்டை ஆன் செய்ததும் அந்த முனையிலும் 12 வோல்ட் வர வேண்டும். கம்பெனி ஹெட் யூனிட்டை (டேஷ்போர்டில் இருக்கும் செட்டை) வைத்துக்கொண்டு ஆம்ப் மட்டும் சேர்த்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நிறைய வண்டிகளில் கம்பெனி ஆம்பை எழுப்புவது தனி வயர் அல்ல, தகவல் வழியாக வரும் கட்டளை. அங்கே ரிமோட் என்று எடுக்க ஒன்றும் இருக்காது. சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃப்யூஸ் ஒன்றிலிருந்து எடுங்கள்.

### விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை

ஆர்.சி.ஏ.யைக் கழற்றிவிட்டுப் பழைய போனை நேராக ஆம்பில் செருகிப் பாட்டு போடுங்கள். பாடினால் ஆம்பும் ஸ்பீக்கரும் சரி, கோளாறு முன்பக்கத்தில். பாடாவிட்டால் ஸ்பீக்கர் வயரை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முன்பக்கம் என்று தெரிந்த பிறகு, கம்பெனி ஹெட் யூனிட்டின் ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுத்தவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. சில ஹெட் யூனிட்டுகள் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும். இல்லை என்று பட்டால் அந்தச் சேனலையே ஊமையாக்கிவிடும். அதன் ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே லோட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் பேச ஆரம்பிக்கும். பாதி நாள் ஆம்பைக் குறை சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டரில் முடித்த வண்டிகள் பல.

### சிவப்பு விளக்கு, அதாவது புரொடெக்ட்

ஸ்பீக்கர் வயர்கள் எல்லாவற்றையும் ஆம்பிலிருந்து கழற்றி ஆன் செய்யுங்கள்.

சிவப்பு போய்விட்டதா? வயர்களை ஒவ்வொரு ஜோடியாகத் திரும்ப மாட்டுங்கள். எந்த ஜோடியில் சிவப்பு திரும்பி வருகிறதோ அதில்தான் ஷார்ட். இரண்டு கதவு வண்டிகளில் கதவு நீளம், கீல் பக்கம் இடம் குறுகல், வயர் அங்கேதான் நசுங்கும். அடுத்த சந்தேகம் சீட் தண்டவாளம்; சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போது அது கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரைக் கத்தி மாதிரி அறுக்கும்.

சிவப்பு போகவில்லையா? ஆர்.சி.ஏ.யையும் கழற்றுங்கள். வெறும் பவர், எர்த், ரிமோட் மட்டும் இருக்கும்போதும் சிவப்பு நின்றால் ஆம்பின் உள்ளே வேலை இருக்கிறது. அது பழுது பார்ப்பவர் மேசைக்குப் போக வேண்டியது. நீங்கள் திறந்து பார்த்துப் பயனில்லை.

### கம்பெனி ஆம்பைக் கழற்றினேன், திரையே செத்துப்போனது

பயப்பட வேண்டாம், எதுவும் எரியவில்லை. 2000-களில் வந்த போர்ஷே, பிஎம்டபிள்யூ, மெர்சிடீஸ் போன்ற வண்டிகள் பலவற்றில் ஆடியோ பெட்டிகள் மோஸ்ட் என்ற ஒளியிழை வளையத்தில் கோத்திருக்கும். மாலையில் ஒரு மணியைப் பிடுங்கினால் மாலை அறுந்துபோகிற மாதிரி, நடுவில் ஒரு பெட்டியை எடுத்தால் வளையமே நின்றுவிடும். எடுத்த இடத்தில் வளையத்தை மூடும் செருகி ஒன்று போட்டால் மற்றவை எழுந்துவிடும். அந்த ஒளியிழையைச் சாதாரண வயர் போல மடித்து டேப் சுற்றாதீர்கள், கூர்மையாக மடங்கினால் ஒளி போகாது. செருகி போட்டும் திரை வரவில்லையென்றால் அந்த வண்டிக்கான கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள்.

பார்க்கிங் பீப், சீட் பெல்ட் மணி காணாமல் போவதும் இதே குடும்பம்தான். அவற்றையும் சில வண்டிகளில் கம்பெனி ஆம்ப்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. புது ஆம்புக்கு அந்தச் சிக்னலையும் கொண்டுவரும் இடைமுகப் பெட்டி வேண்டும்.

## அறிகுறி 2: ஸ்டார்ட் செய்ததும் ‘உய்ங்’

ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஏறுகிறது. ஆல்டர்னேட்டர் சத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ஆல்டர்னேட்டர் மேல் குற்றம் இருப்பது கடைசியில்தான். படிப்படியாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

போன் சார்ஜரில் இருக்கிறதா? சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் அவ்வளவுதான் விஷயம்.

ஆர்.சி.ஏ.யைக் கழற்றினால்? செட்டை அணைத்துவிட்டு ஆம்ப் பக்கம் ஆர்.சி.ஏ.யைக் கழற்றுங்கள், பிறகு செட்டை ஆன் செய்து இன்ஜினை ஓடவிடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் ஆம்பின் எர்த்தோ பவரோ. சத்தம் போய்விட்டால் பழைய போனை நேராக ஆம்பில் செருகுங்கள்; போன் தன் பேட்டரியில் ஓடட்டும். அமைதியாகப் பாடினால் பிரச்சினை ஹெட் யூனிட்டிலோ ஆர்.சி.ஏ. வயரிலோ இருக்கிறது.

வயர் ஓடும் பாதை. உதிரி ஆர்.சி.ஏ.யை ஹெட் யூனிட்டிலிருந்து சீட்டுகளுக்கு மேலே, காற்றில் இழுத்து ஆம்பில் செருகுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், ஐந்து நிமிடம்தானே. சத்தம் மறைந்தால் உங்கள் ஆர்.சி.ஏ. பவர் வயரோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் நடுச் சுரங்கம் குறுகலாக இருப்பதால் இரண்டையும் ஒரே பக்கம் திணித்துவிடுவார்கள். ஒன்றை இடது ஓரமும் மற்றதை வலது ஓரமும் கொண்டுபோங்கள்.

எர்த். எனக்கு வந்த ‘உய்ங்’ வண்டிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிந்தன. ஒரு தம்பி மூன்று மாதம் போராடிவிட்டு வந்தான். “அண்ணே, ஆம்பையே மாத்திட்டேன், அதே சத்தம்தான்.” எர்த் போல்ட்டைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில் கார் பெயின்ட் புத்தம் புதிதாக, முகம் பார்க்கலாம் போல மின்னிக்கொண்டிருந்தது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் தொடுப்பு. ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளி நிறத்தில் தகடு தெரிந்த பிறகு வளையத்தை வைத்து இறுக்கினேன், சுற்றிலும் கிரீஸ் தடவினேன். சாவியைத் திருப்பினான். அவன் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தான், சத்தம் வரவில்லை.

சந்தேகத்துக்கு அளவு வேண்டுமென்றால்: பாட்டைச் சத்தமாக வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்பின் எர்த் திருகிலும் வைத்து டி.சி. வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ அடைப்பு.

இதில் ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய சிக்கல் ஒன்று. கார்வெட் 1953-இல் வந்த முதல் மாடலிலிருந்தே கரண்ட் கடத்தாத கண்ணாடி நார்க் கலவை உடல்தான்; அந்தத் தகட்டில் எர்த் கொடுத்தால் சுவரில் கொடுத்த மாதிரி. லோட்டஸ் எலிஸின் அலுமினியச் சட்டமோ பசையால் ஒட்டியது, அதில் நம் இஷ்டத்துக்குத் துளை போடக் கூடாது. இப்படிப்பட்ட வண்டிகளில் கம்பெனியே வைத்திருக்கும் எர்த் புள்ளியைத் தேடுங்கள், அல்லது பேட்டரி நெகட்டிவிலிருந்தே தடித்த வயர் இழுத்துவிடுங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் இரண்டு தலைமுறைக்காரர்கள் பாக்கியசாலிகள், பேட்டரி டிக்கியிலேயே இருக்கிறது.

கெயின். ஆம்பில் கெயினைக் கடைசி வரை திருகி வைத்திருந்தால் இருக்கிற சிறு இரைச்சலும் பெருகிக் கேட்கும். கெயின் என்பது உள்ளே வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு, வால்யூம் அல்ல. குறைத்துவிட்டு ஹெட் யூனிட்டில் சத்தத்தை ஏற்றுங்கள்.

ஹெட் யூனிட்டின் உள் ஃப்யூஸ். சில ஹெட் யூனிட்டுகளில் ஆர்.சி.ஏ.யின் வெளி வளையத்துக்கு அரிசி அளவு ஃப்யூஸ் ஒன்று உள்ளே இருக்கும். கரண்ட் இருக்கும்போது ஆர்.சி.ஏ.யைச் செருகிப் பிடுங்கினால் அது போய்விடும். வெளி வளையத்துக்கும் ஹெட் யூனிட் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இல்லையென்றால் போர்டில் ஈயம் வைக்கத் தெரிந்தவர் வேலை.

இவ்வளவுக்கும் பிறகு ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி முனைகளில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்கலாம். இது ஆட்டோ எலக்ட்ரீஷியன் கட்டம்.

## அறிகுறி 3: விலை கூடிய ஸ்பீக்கர் போட்டும் பழையதே தேவலை

மனசு ரொம்ப நோகிற புகார் இதுதான்.

### பேஸ் மெலிந்துவிட்டது, பாடுகிற குரல் எங்கிருந்தோ வருகிறது

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். பாலன்ஸை முழுக்க இடதுக்கும் பிறகு முழுக்க வலதுக்கும் தள்ளிப் பாருங்கள். தனித்தனியாகக் கேட்டால் பேஸ் இருக்கிறது, நடுவில் வைத்தால் காணவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். எந்தப் பக்கம் என்று தெரிய, ஸ்பீக்கர் வயரை ஆம்ப் பக்கம் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட வையுங்கள். ‘டப்’ என்று கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். உள்ளே போனால் தலைகீழ். கதவுத் தட்டியைக் கழற்ற வேண்டாம், வலையின் மேல் விரல் வைத்தாலே பல வண்டிகளில் தெரியும். ட்வீட்டரில் (மேல்தொனிக்கான சிறு ஸ்பீக்கர்) இதைச் செய்யாதீர்கள்.

### சத்தம் பொதுவாகவே குறைந்துவிட்டது

பழைய ஸ்பீக்கரை மீட்டரில் ஓம் பாருங்கள். கம்பெனி ஆம்போடு வரும் ஸ்பீக்கர்கள் பல 2 ஓம், சில அதற்கும் கீழே. கடையில் வாங்கியது 4 ஓம். அதே ஆம்ப் 2 ஓமுக்குக் கொடுத்ததில் பாதி வாட்தான் 4 ஓமுக்குக் கொடுக்கும். 2 ஓம் ஸ்பீக்கர் தேடுங்கள், அல்லது ஆம்பையும் சேர்த்து மாற்றுங்கள்.

### கதவில் ஓட்டை

ஸ்பீக்கருக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே காற்று கசிந்தால் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். நுரை வளையம் ஒன்று போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக் வளையம் தகட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆனால் கதவில் புதிதாகத் துளை போடுவதோ, உள்ளே முழுக்க அடைப்பதோ வேண்டாம். சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த உணரி கதவுக்குள் இருக்கிறது. மோதும்போது கதவுக்குள் ஏறும் காற்றழுத்தத்தைத்தான் அது பார்க்கும்.

### வால்யூமை ஏற்ற ஏற்ற பேஸ் மட்டும் ஏறவில்லை

கம்பெனிக்காரர்கள் செய்து வைத்தது. அவர்கள் போட்ட லேசான ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க, சத்தம் கூடும்போது பேஸைத் தாங்களே வெட்டுவார்கள். ஊர்ஜிதப்படுத்த: போனில் 50 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயரில் ஏ.சி. வோல்ட்டைக் குறைந்த வால்யூமிலும் கூடிய வால்யூமிலும் குறியுங்கள். 200 ஹெர்ட்ஸுக்கும் அப்படியே. 200 ஏறுகிறது, 50 நின்றுவிடுகிறது என்றால் எந்த ஸ்பீக்கர் மாற்றியும் பயனில்லை. டி.எஸ்.பி. (சிக்னலைக் கணக்கிட்டுத் திருத்தும் பெட்டி) ஒன்று போட்டு, அதைக்கொண்டு கம்பெனி செய்த திருத்தங்களை எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அதை ட்யூன் செய்ய மைக்கும் பொறுமையும் வேண்டும். பணம் கொடுத்துத் தெரிந்தவரிடம் விடத் தகுந்த வேலை இது என்பேன்.

### சப்வூஃபர் தனியாக, பின்னால் இருந்து இடிக்கிறது

முதலில் சப்வூஃபரின் ஒலியைத் தலைகீழாக்கும் 0/180 சுவிட்சை மாற்றிப் பாருங்கள். எந்த நிலையில் பேஸ் கனமாகவும் முன்னாலிருந்தும் வருகிறதோ அதில் விடுங்கள். பிறகுதான் தாமதக் கணக்கு: ஸ்பீக்கர்களின் தூரத்தில் 34 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 1 மில்லி விநாடி. காது பக்கம் இருக்கும் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்த வேண்டும், தூரத்தில் இருப்பதை அல்ல.

நின்றுகொண்டு ட்யூன் செய்துவிட்டு, நெடுஞ்சாலையில் பேஸ் காணவில்லை என்று வராதீர்கள். டயர் இரைச்சல் அடித்தொனியைத்தான் முதலில் விழுங்கும்.

## அறிகுறி 4: பாட்டே போடவில்லை, அடியில் ‘ம்ம்ம்’ என்று முழங்குகிறது

குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டும் வரும், காது அடைக்கிற மாதிரி இருக்கும். பலர் இதை எர்த் கோளாறு என்று நினைத்து வயரையெல்லாம் பிடுங்குவார்கள். எர்த் சத்தம் கீச்சுக்குரல். இது அடிவயிற்றில் உணர்கிற சத்தம்.

கூரைத் துணியில் சிறு துளைகளுக்குப் பின்னால் மைக் இருந்தால், அது இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேரெதிரான ஒலியை ஸ்பீக்கரில் அனுப்பி அடக்கும் ஏற்பாடு. பழைய ஸ்பீக்கருக்கென்று கணக்கிட்டது அது. நீங்கள் பெரிய சப்வூஃபர் போட்டதும் அந்த எதிர் ஒலி எல்லை மீறி, தானே முழங்கத் தொடங்குகிறது. மைக் கனெக்டரைக் கழற்றுங்கள். முழக்கம் நின்றால் காரணம் கிடைத்தது. அப்படியே விட்டுவிடலாம், பெரிதாக ஒன்றும் குறையாது.

இதன் மறுபக்கம்: இன்ஜின் உறுமல் குறைந்துவிட்டது என்று சிலர் திகைப்பார்கள். 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 இன்ஜின் ஒலியை ஸ்பீக்கர் வழியாகவும் ஊட்டியது. ஃபோர்டு மஸ்டாங்கின் நான்கு சிலிண்டர் மாடலும் அப்படி. கம்பெனி ஆம்பை எடுத்தால் அந்த உறுமலும் போகும். டொயோட்டா 86-இன் முதல் தலைமுறையில் அதையே ஒரு குழாய் வழியாகக் கொண்டுவந்தார்கள், அதற்கு ஆடியோவோடு சம்பந்தமில்லை.

## அறிகுறி 5: பாடிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது

பேஸ் இடிக்கும்போது மட்டும் வெட்டுகிறதா? இன்ஜின் ஓடும்போது ஆம்ப் முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருப்பது வழக்கம். பேஸ் அடிக்கும்போது 11-க்குக் கீழே சரிந்தால் வயர் மெலிது, அல்லது செம்பு பூசிய அலுமினிய வயர். நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். வோல்ட் சரிதானென்றால் ஓம். இரட்டைச் சுருள் 2 ஓம் சப்வூஃபரை இணையாகக் கட்டினால் 1 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்த) ஆம்ப் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

அரை மணி கழித்து, என்ன பாட்டானாலும் நிற்கிறதா? சூடு. கை வைத்தால் தெரியும். நடு இன்ஜின் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் ஆம்பை மாட்டுவார்கள், இடம் கச்சிதமாக இருக்கிறதே என்று. அந்தப்பக்கம் இன்ஜின் கொதிக்கிறது. இடம் மாற்றுங்கள், சுற்றிலும் காற்றுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டராவது விடுங்கள். இடமே இல்லையென்றால் சூடு குறைந்த டி வகை ஆம்ப்.

ஃப்யூஸ் ஹோல்டர் உருகி வளைந்திருந்தாலோ, பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தாலோ மீட்டரை எடுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிப்பது வண்டியைக் கொளுத்துகிற வழி.

## அறிகுறி 6: கடகட, கரகர

போனில் 20 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை தொனியை மெதுவாக ஏற்றுங்கள். இன்னொருவர் உள்ளங்கையால் கதவுத் தட்டி, டேஷ்போர்டு, பின்கண்ணாடி ஓரம் என்று அழுத்திக்கொண்டே வரட்டும். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கே நுரை டேப். நம்பர் பிளேட்டை முதலில் பிடித்துப் பாருங்கள்.

எங்கே அழுத்தியும் நிற்கவில்லையென்றால் ஸ்பீக்கர் கூம்பை நான்கு விரலால் சமமாக, மெல்ல உள்ளே தள்ளுங்கள். உரசல் கேட்டால் சுருள் கருகிவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான். கண்ணாடியை இறக்கும்போது மட்டும் ‘டக்’ என்றால் காந்தம் கண்ணாடியில் இடிக்கிறது. ஸ்பீக்கரை மெல்லிய வளையத்தால் வெளியே நகர்த்துங்கள்.

தகடு அதிர்ந்தால் அதிர்வை அடக்கும் பியூட்டில் ஷீட் ஒட்டலாம். தட்டிப் பார்த்து ‘டங்’ என்பது ‘டப்’ ஆகும் வரை நடுப்பகுதியில் ஒட்டினால் போதும். எடை குறைவான வண்டி வாங்கிவிட்டு கதவு முழுக்க ஒட்டுவது எனக்குப் புரியாத ஆசை.

## அறிகுறி 7: இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகவில்லை

செட்டை அணைத்து, பூட்டி, அரை மணிக்குப் பிறகு ஆம்ப் விளக்கைப் பாருங்கள். எரிந்துகொண்டிருந்தால் ரிமோட் வயர் எப்போதும் உயிருள்ள ஃப்யூஸில் இருக்கிறது, அல்லது சிக்னல் பார்த்து விழிக்கும் ஆம்ப் தூங்கவில்லை. விளக்கு அணைந்திருந்தால் பேட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடராக வைத்து ஆம்பியர் பாருங்கள். வண்டி முழுக்க உறங்கிய பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 500 காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தே நாளில் காலி. மீட்டர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

ஆம்ப் ஃப்யூஸைப் பிடுங்கியும் அளவு இறங்கவில்லையென்றால் குற்றவாளி ஆடியோ அல்ல. எலக்ட்ரீஷியனிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்தது.

## சில்லறைப் புகார்கள்

ஆன் செய்யும்போது ‘டம்’: ஆம்ப் முந்திக்கொண்டு விழிக்கிறது. ரிமோட் வயரில் தாமத ரிலே ஒன்று போடுங்கள்.

எஃப்.எம். எடுக்கவில்லை: ஆன்டெனாவுக்குள் இருக்கும் சிறு பெருக்கிக்குக் கரண்ட் போகவில்லை. புது ஹெட் யூனிட்டிலிருந்து ஆன்டெனாவுக்குக் கரண்ட் கொடுக்கும் வயரை இணைக்க மறந்திருப்பீர்கள்.

ட்வீட்டர் அடிக்கடி சாகிறது: ஆம்பைத் திணறத் திணற ஓட்டுகிறீர்கள். கெயினைக் குறையுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் ஸ்பீக்கர் முனையில் 17.3 வோல்ட்தான் எல்லை.

ஏர்பேக் விளக்கு எரிகிறது: சீட்டுக்கு அடியில் ஏதோ கனெக்டரைச் சாவி போட்ட நிலையில் கழற்றியிருக்கிறீர்கள். மறுபடி மாட்டினாலும் பல வண்டிகளில் விளக்கு தானாக அணையாது. மீட்டர் முனையை அந்த வயரில் வைக்கவே வேண்டாம். பிழைக் குறியீட்டைப் படித்து அழிக்கும் கருவி உள்ளவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, எந்தக் கனெக்டரைத் தொட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.